யார் வச்ச பேரு?

(மாணவர்களும் களச் செயல்பாட்டாளர்களும் கலந்துகொண்ட வாசிப்பு முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



இலக்கியமும் அதிகாரமும் பற்றிப் பேசச் சொன்னீங்க. நான் இல்லாத ஒரு நாட்டைப் பற்றிப் பேசப்போறேன். மந்திரவாதி, டிராகன், தீவு, கடல் எல்லாம் உள்ள நாடு. 'ஊரில் வெட்டு, குத்து, வன்கொடுமை வழக்கு என்று அலைந்துகொண்டிருக்கிறோம், இவன் மாயாஜாலக் கதை சொல்ல வந்துட்டான்' என்று யாராவது நினைக்கலாம். நியாயம்தான். ஆனால் அந்த நாட்டில் நடக்கிற சண்டையெல்லாம் ஒரே ஒரு விஷயத்துக்காக நடக்கிறது. பேருக்காக.

பேருக்காகச் சண்டை என்பது நமக்குப் புதுசா? மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பேரை வைக்க 1978இல் மகாராஷ்டிர சட்டமன்றம் தீர்மானம் போட்டது. உடனே சேரிகள் எரிந்தன. பல்கலைக்கழகத்தின் பலகையில் அந்தப் பேர் ஏற 1994 ஜனவரி 14 வரை, பதினைந்து வருஷத்துக்கும் மேல் ஆனது. இங்கே, 1997இல், ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை வைத்தார்கள். அந்தப் பேர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். தென்மாவட்டங்கள் கலவரக்காடாயின. கடைசியில் எல்லாத் தலைவர்களின் பேர்களையும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் அரசு எடுத்துவிட்டது. பஸ் அதே பஸ், டிக்கெட் விலை அதே விலை. தகரத்தின் மேல் பெயிண்டில் எழுதிய சில எழுத்துகள், அவ்வளவுதான். அதற்கு இவ்வளவு சக்தி இருக்கு என்றால் மந்திரத்தை நம்புகிறவன் யார், நாமா அவனா?

சரி, கதைக்கு வருவோம். உர்சுலா லெ குவின் என்ற அமெரிக்கப் பெண் எழுத்தாளர். 1929இல் பிறந்தவர், 2018இல் இறந்தார். அவர் உருவாக்கிய தீவுக்கூட்டத்துக்கு எர்த்ஸீ என்று பேர். மண்ணும் கடலும் சேர்ந்த உலகம். முதல் நாவல் வந்தது 1968இல். தொடர்ந்து 1971, 1972, 1990, 2001 என்று அந்த உலகத்தை எழுதிக்கொண்டே போனார்.

அங்கே ஆளுக்கு இரண்டு மூன்று பேர். பிறந்ததும் தாய் வைக்கிற பேர் ஒன்று. ஊர் கூப்பிடுகிற புழங்குபேர் ஒன்று. இவை போக உண்மைப் பேர் ஒன்று உண்டு. அதுதான் ஆன்மாவின் பேர். பருவம் வருகிற வயசில், பிள்ளையின் பழைய பேரை எடுத்துவிட்டு, ஆற்றுத் தண்ணியில் நடக்கவைத்து, கரையில் காத்திருக்கும் மந்திரவாதி காதோடு அந்தப் பேரைச் சொல்கிறான். நாவலின் நாயகன் கோண்ட் தீவில் வெண்கலக் கொல்லனின் மகன். தாய் அவனுக்கு டூனி என்று பேர் வைத்துவிட்டு, அவனுக்கு ஒரு வயசு ஆகுமுன்னே செத்துப்போகிறாள். ஊர் அவனை வல்லூறு என்று கூப்பிடுகிறது. பதின்மூன்று வயசில் ஓகியன் என்ற மௌனமான ஆசான் அவனுக்குச் சொல்கிற உண்மைப் பேர், கெட்.

இந்தப் பேரை யாருக்கும் சொல்லக்கூடாது. ஏன்? பேர் தெரிந்தவனுக்கு ஆள் அடிமை. ஒரு பொருளின் உண்மைப் பேர் தெரிந்தால்தான் மந்திரவாதி அதை ஆட்ட முடியும், மாற்ற முடியும். கல்லுக்கும் அப்படித்தான், மனுசனுக்கும் அப்படித்தான். அதனால் அங்கே இரண்டு விதி. யாரிடமும் அவர் பேரைக் கேட்காதே. யாரிடமும் உன் பேரைச் சொல்லாதே. 1964இல் எழுதிய சிறுகதை ஒன்றில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இந்த விதிகளைக் கற்றுத்தருகிற டீச்சரின் பேர் பழனி. சிரிக்காதீங்க, நம்ம பழனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் படிக்கும்போது நம்ம தெருப் பெண் ஒருத்தி அங்கே மரத்தடியில் பாடம் எடுக்கிற மாதிரி எனக்குப் பட்டது.

அப்போ இந்தப் பேர் யாருக்குத்தான் தெரியும்? தானே விரும்பிச் சொன்னவர்களுக்குத் தெரியும். மந்திரப் பள்ளியில் கெட் அகங்காரத்தில் ஒரு நிழலை வெளியே இழுத்துவிட்டு, உடம்பும் மனசும் உடைந்து, எல்லோரும் ஒதுங்கிப்போகிற நேரம். வெட்ச் என்ற நண்பன் அவனிடம் வந்து தன் உண்மைப் பேரைச் சொல்கிறான், எஸ்டாரியோல் என்று. அந்த உலகத்தில் இதைவிடப் பெரிய கொடை இல்லை. 'என்னை அழிக்கிற ஆயுதம் இது, உன் கையில் தர்றேன்' என்று அர்த்தம். அங்கே நட்பு என்றால் அதுதான்.

இன்னொரு விஷயத்தையும் நாம் கவனிக்கணும். அந்த ஜனங்களின் நிறம். கெட் செம்பழுப்பு நிறம், வெட்ச் கறுப்பு. கப்பலில் வந்து கொள்ளையடிக்கிற கார்க் இனத்தார்தான் வெள்ளைத்தோல், மஞ்சள் முடி. 1968இல், அமெரிக்காவில், இந்த மாதிரிக் கதைகளில் நாயகன் என்றாலே வெள்ளையன் என்றிருந்த காலத்தில் அந்த அம்மா இதைச் சத்தமில்லாமல் செய்தார். 2004இல் ஒரு தொலைக்காட்சிக்காரன் அதைத் தொடராக எடுத்தபோது கெட்டாக ஒரு வெள்ளைப் பையனைப் போட்டான். லெ குவின் பகிரங்கமாக எழுதிக் கண்டித்தார். அந்தத் தொடரில் இன்னொன்றும் நடந்தது. ஊர் கூப்பிடுகிற பேர் கெட், ரகசியமான உண்மைப் பேர் வல்லூறு என்று தலைகீழாக்கிவிட்டார்கள். தோலை வெளுத்தவன் கையாலேயே பேரும் புரட்டப்பட்டது. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஒருவனின் அடையாளத்தை மதிக்காதவனுக்கு அவன் ரகசியம் எது, வெளிப்பேச்சு எது என்கிற வித்தியாசமும் தெரியாது.

லெ குவினின் அப்பா ஆல்ஃபிரட் குரோபர் பெரிய மானிடவியலாளர். 1911 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில், ஒரு இறைச்சிக்கூடத்தின் பக்கம், பசியில் மெலிந்த ஒரு பூர்வகுடி மனிதர் வந்து நின்றார். யாஹி இனத்தவர். வெள்ளையர்கள் அந்த ஜனங்களை வேட்டையாடிக் கொன்று தீர்த்திருந்தார்கள், மிச்சம் இவர் ஒருவர். அவரை சான்பிரான்சிஸ்கோ மியூசியத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயே வாழ்ந்தார், அம்பு செய்து காட்டினார், தன் மொழியைச் சொல்லிக்கொடுத்தார். பேர் என்ன என்று கேட்டார்கள். சொல்லவில்லை. தன் பேரைத் தன் வாயால் அந்நியரிடம் சொல்வது அவர்கள் வழக்கமில்லை. பத்திரிகைக்காரனுக்குப் பேர் வேணுமே! அதனால் குரோபர் 'இஷி' என்று வைத்தார். அந்த மொழியில் 'மனிதன்' என்று அர்த்தம். 1916 மார்ச் 25இல் காசநோயில் அவர் இறந்தார். வெளியூரிலிருந்த குரோபர் உடலை அறுக்கவேண்டாம் என்று எழுதியும் அறுத்தார்கள், மூளையை எடுத்தார்கள். அதே குரோபர் பிறகு அந்த மூளையை வாஷிங்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவைத்தார். 2000ஆம் ஆண்டில்தான் அது பூர்வகுடிகள் கைக்குத் திரும்பி வந்தது.

உடம்பு, மொழி, மூளை எல்லாம் எடுத்துக்கொண்டார்கள். பேரை மட்டும் எடுக்க முடியவில்லை. அந்த மனிதர் அதைத் தன்னோடு கொண்டுபோய்விட்டார். லெ குவினின் அம்மா தியோடரா அவர் வரலாற்றை 1961இல் புத்தகமாக எழுதினார். மகளின் 'பெயர்களின் விதி' கதை 1964. 2021 ஜனவரியில் பெர்க்லி பல்கலைக்கழகம் ஒரு கட்டடத்தின் பலகையிலிருந்து குரோபர் பேரை எடுத்துவிட்டது. பேர் இழந்தவனுக்குப் பேர் வைத்தவரின் பேர் போய்விட்டது. சரித்திரத்துக்கும் கணக்குத் தீர்க்கத் தெரியும் போல.

இப்போ நம்ம தெருவுக்கு வருவோம்.

ரகசியப் பேர் இந்த மண்ணில் இல்லாத சரக்கில்லை. குழந்தை பிறந்ததும் தாய் தகப்பனுக்கு மட்டும் தெரிந்த பேர் ஒன்று வைத்து, உபநயனம் வரை மறைத்து வைக்கச் சொல்கின்றன கிருஹ்ய சூத்திரங்கள். யாருக்கு? பூணூல் உள்ளவனுக்கு. மற்றவனுக்கு? மனு இரண்டாவது அத்தியாயத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டான். பிராமணன் பேர் மங்களமா இருக்கணும், சத்திரியன் பேரில் வலிமை, வைசியன் பேரில் செல்வம், சூத்திரன் பேரில் இழிவு. வர்ணத்துக்கு வெளியே நிற்கிற நாம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆக ஒருவனுக்குப் பேர் பூட்டிவைத்த பொக்கிஷம். இன்னொருவனுக்குப் பேர் தெருவில் கிடக்கிற கல், போறவன் வர்றவன் எல்லாம் எடுத்து எறியலாம்.

எழுபது வயசுக் கிழவரை ஏழு வயசுப் பொடியன் 'டேய்' போட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டதை நம்ம தாத்தன்மார் பார்த்திருக்காங்க. நான் வங்கியில் எழுத்தராக இருக்கேன். கவுண்டரில் பாஸ்புக்கில் உள்ள முழுப் பேரைச் சொல்லி 'வாங்க ஐயா' என்று கூப்பிட்டால் சில பெரியவர்கள் திரும்புவதே இல்லை. பக்கத்தில் இருக்கிறவர் தட்டிச் சொல்லணும், 'உன்னத்தான்யா' என்று. காது கேட்காமல் இல்லை. அந்தப் பேரை மரியாதையோடு யாரும் கூப்பிட்டதில்லை, அதனால் அது தன் பேர் என்றே உறைக்கவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று. எர்த்ஸீயில் உண்மைப் பேர் என்பது ஆளின் சாரம். நம்ம சமூகத்தில் அந்த இடத்தில் எதை வைத்திருக்கிறான்? சாதியை. உன் பேர், படிப்பு, வேலை எல்லாம் புழங்குபேர். 'உண்மையில் நீ யார்' என்றால் சாதி. மந்திரவாதி எதிரியின் பேரைத் தேடி அலைகிற மாதிரி இவன் அதைத் தேடி அலைகிறான். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், 'எந்த ஊரு?', 'ஊர்ல எந்தத் தெரு?', 'என்ன சாமி கும்பிடுவீங்க?', 'கறி சாப்பிடுவீங்களா?' நேராகக் கேட்கமாட்டான், சுற்றிச்சுற்றி வருவான். தெரிந்துவிட்டால் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் பாருங்க, அது மந்திரவாதியின் சந்தோஷம். இனி இவன் நம்ம கையில் என்கிற சந்தோஷம்.

இங்கேதான் லெ குவினின் உலகமும் நம் உலகமும் பிரிகின்றன. அங்கே உண்மைப் பேரைக் கொடுக்கிறவன் உன்மேல் அக்கறை உள்ளவன். நீ யார் என்று உற்றுப் பார்த்து, தெரிந்துகொண்டு சொல்கிறான். இங்கே எதிரி வைத்த பேரையே உன் ஆன்மாவின் பேர் என்கிறான். அதனால் 'பேரை மறைத்துக்கொள்' என்கிற அந்த ஊர் விதி நமக்கு அப்படியே செல்லாது. நகரத்தில் சாதியை மறைத்து வாழ்கிற நம்ம ஆட்களை நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளைகுட்டியோடு நடுத்தெருவில் நிற்கிறவனிடம் தத்துவம் பேசக்கூடாது. ஆனால் மறைக்கிற வரைக்கும் மந்திரக்கோல் அவன் கையில்தான் இருக்கு.

வேறு வழி உண்டா? அந்தப் பழனி டீச்சர் வருகிற கதையிலேயே இருக்கு. அந்தத் தீவில் குண்டா, அசடா ஒரு மந்திரவாதி. ஊரே கேலி பண்ணும். ஒருநாள் வெளியூரான் ஒருவன் வருகிறான். 'உன் உண்மைப் பேர் எனக்குத் தெரியும்டா' என்று சவால் விட்டுச் சொல்லியும் விடுகிறான், யெவாவுட் என்று. உண்மைப் பேரைச் சொன்னால் உண்மை உருவத்துக்கு வந்துதான் தீரணும். வருகிறான். அவன் டிராகன்! வந்தவன் கதை முடிந்தது. மிரட்டத்தான் பேரைச் சொன்னான், பேர் எழுந்து நின்றுவிட்டது. 1972இல் பம்பாயில் 'தலித் பேந்தர்ஸ்' என்று இளைஞர்கள் கிளம்பியபோது நடந்தது இதுதான். தலித் என்றால் நொறுக்கப்பட்டவன். ஆமா, நான் நொறுக்கப்பட்டவன்தான், நொறுக்கியவன் எங்கே என்று கேட்டது அந்தப் பேர். ஆனால் ஒரு எச்சரிக்கை. யெவாவுட் விடுதலை வீரன் இல்லை. புதையலைப் பூட்டிவைத்துக்கொண்டு ஊரைத் தின்கிற மிருகம். பேர் எழுந்து நின்றால் மட்டும் போதாது, எழுந்தது எதுவாக எழுகிறது என்றும் பார்க்கணும்.

அன்பாக வைக்கிற பேரிலும் ஆபத்து உண்டு. இரண்டாவது நாவலில் டெனார் என்ற சின்னப் பெண்ணைக் கோயிலுக்குப் பூசாரியாகக் கொண்டுபோகிறார்கள். ஆறு வயசில் சடங்கு செய்து அவள் பேரை எடுத்துவிடுகிறார்கள். இனி அவள் அர்ஹா. 'தின்னப்பட்டவள்' என்று அர்த்தம். விழுந்து கும்பிடுகிறார்கள், ஆனால் அவள் இருட்டை விட்டு வெளியே போகக்கூடாது. 'ஹரிஜன்' என்ற சொல்லை நினைச்சுப் பாருங்க. கடவுளின் பிள்ளைகளாம்! யார் கேட்டது? 1938இல் பம்பாய் சட்டமன்றத்தில் ஒரு மசோதாவில் அந்தச் சொல்லை நுழைத்தபோது பாபாசாகேப் தன் கட்சிக்காரர்களோடு வெளிநடப்புச் செய்தார். இழிவான பேர் மட்டும்தான் தின்னும் என்றில்லை, புனிதமான பேரும் தின்னும். அதற்கும் முன்னாலே, 1922இல், பறையர், பஞ்சமர் என்பதற்குப் பதில் ஆதி திராவிடர் என்று எழுதணும் என்று எம்.சி.ராஜா சென்னைச் சட்டசபையில் கேட்டு வாங்கினார். கேட்டு வாங்கிய பேருக்கும், தடவிக்கொடுத்து ஒட்டிய பேருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இனி நமக்குள்ளே பேசவேண்டியது. எதிரியைத் திட்டினால் கைதட்டுறீங்க, இதற்கும் கொஞ்சம் காது கொடுங்க.

லெ குவினின் முதல் மூன்று நாவல்களில் மந்திரப் பள்ளிக்குள் பெண்ணுக்கு இடமில்லை. பதினெட்டு வருஷம் கழித்து, 1990இல், 'தெஹானு' என்ற நாவலில் அவரே தான் கட்டிய உலகத்தைத் திரும்பக் கேள்வி கேட்கிறார். டெனார் இப்போ நடுவயசு விதவை. புருசன் அவளுக்கு வைத்த பேர் கோஹா, ஒரு சின்ன வெள்ளைச் சிலந்தியின் பேர். ஓகியன் சாகும்போது தன் உண்மைப் பேரை அவளிடம்தான் சொல்லிவிட்டுப் போகிறார். அந்த ஊர் வழக்கப்படி செத்தவரின் உண்மைப் பேரை ஊரறியச் சொல்லலாம், சொல்லணும். இரண்டு பெரிய மந்திரவாதிகள் வந்து பிணத்தின் பக்கத்தில் நின்று வாதம் பண்ணுகிறார்கள், ஐயோ அவர் பேர் தெரியாமல் போச்சே என்று. பக்கத்தில் நிற்கிறாள், பேர் தெரிந்தவள். அவளை ஒருவனும் கேட்கவில்லை. அவளாகத்தான் சொல்லவேண்டியிருக்கு.

நம்ம கூட்டங்களில் சோறு பொங்குகிற, துண்டறிக்கை மடிக்கிற, போலீஸ் வந்தால் முன்னால் நிற்கிற பெண்களின் பேர் எத்தனை பேருக்குத் தெரியும்? 'அவர் சம்சாரம்', 'இவன் அம்மா', 'ஏ புள்ள'. எல்லாம் சிலந்திப் பேர்கள். மனு வைத்த பேரை எரிக்கிற கையால் நாம் வைக்கிற பேர் இது.

அதே நாவலில் ஒரு குழந்தை வருகிறாள். சொந்த ஆட்களே அவளைச் சீரழித்து, நெருப்பில் தள்ளிவிட்டுப் போனார்கள். பாதி முகம் கருகிவிட்டது. டெனார் எடுத்து வளர்க்கிறாள், தன் தாய்மொழியில் தெர்ரு என்று பேர் வைக்கிறாள், எரிவது என்று அர்த்தம். ஊர் அவளைக் காயமாக மட்டுமே பார்க்கிறது. கடைசியில் ஒரு மந்திரவாதி டெனாரை மந்திரத்தால் கட்டி நாய் மாதிரித் தவழவிடும்போது, யாருடைய உதவியும் இல்லாமல் டிராகனைக் கூப்பிட்டுக் காப்பாற்றுகிறவள் அந்தக் குழந்தைதான். அந்த டிராகன் சொல்கிற அவளுடைய உண்மைப் பேர் தெஹானு. ஒரு நட்சத்திரத்தின் பேர். எரிந்ததைச் சொல்லும் பேர் அவள் பேரில்லை.

பாலியல் வன்முறைக்கு ஆளான நம்ம பெண் ஒருத்திக்காகப் போஸ்டர் அடிக்கிறோம். பேர், படம், ஊர், தெரு எல்லாம் போடுறோம். கோபத்தில்தான் செய்கிறோம், தெரியும். சட்டம் 1983இலேயே இந்தியத் தண்டனைச் சட்டம் 228ஏ பிரிவில் அதைத் தடுத்தது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவு. அவள் எழுத்தில் சம்மதம் தந்தால்தான் பேரை வெளியிடலாம். சட்டத்துக்குப் பயந்து சொல்லவில்லை. உயிரோடு இருக்கிற ஒருத்தியின் பேர் அவளுக்குச் சொந்தம். எஸ்டாரியோல் நண்பனுக்குக் கொடுத்த மாதிரி அவள் கொடுத்தால் வாங்கிக்கொள்வோம். கொடுக்காததை எடுத்தால், போராட்டத்துக்காக எடுத்தாலும், அது மியூசியக்காரன் செய்த வேலைதான். எரிந்ததையே அவளுக்குப் பேராக ஒட்டிவிடாதீங்க.

செத்தவர்கள் விஷயம் வேறு. அந்த நாவல் வெளிவந்த அதே 1968இல், டிசம்பர் 25 ராத்திரி, கீழ்வெண்மணியில் குடிசைக்குள் போட்டு எரித்தார்கள். 44 பேர் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். எண் சொல்லத் தெரியும். பேர் சொல்லத் தெரியுமா? இந்த அரங்கில் பத்துப் பேரைச் சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? எர்த்ஸீயில் பேர்களைக் கற்றுத்தருகிற ஆசான் ஒருவர் உண்டு. கடலை மொத்தமாக யாராலும் கட்டமுடியாது என்பார் அவர். கடல் என்கிற பொதுப்பேர் போதாது, ஒவ்வொரு வளைகுடாவின் பேரும், ஒவ்வொரு நீரிணையின் பேரும், துளித்துளியாகத் தெரியணும். 'எஸ்.சி.' என்கிற இரண்டு எழுத்துக்குள் நம்மை அடைக்கிறவனுக்கு அந்த ஆசான் சொல்கிற பதில் அது. எண்ணிக்கையோடு நின்றுவிடுகிற நமக்கும் அதே பதில்தான்.

அதனால் நான் கேட்பது மூன்று. நம்ம கிளைக் கூட்டங்களின் வருகைப் பதிவேட்டில் பெண் தோழர்களின் சொந்தப் பேரை எழுதுங்க, அந்தப் பேரில் கூப்பிடுங்க. உயிரோடு இருக்கிறவளின் பேரை அவள் தராமல் அச்சடிக்காதீங்க. கொல்லப்பட்டவர்களின் நினைவு நாளில், பேச்சாளர் மைக் பிடிக்கிறதுக்கு முன்னாடி, அவர்கள் பேரை ஒவ்வொன்றாக வாசிங்க. 44 என்றால் 44 பேரையும். நேரமாகும். ஆகட்டும்.

ஜெய் பீம்.